ஓர் எண் மாறினால் உறவு அறுந்துவிடாது

அப்பா வழி உறவைப் பார்க்கும் ஒய் டிஎன்ஏ சோதனை முடிவு வந்ததும், பங்காளியின் எண்களோடு ஒன்றிரண்டு பொருந்தவில்லை என்று பலர் பதறிவிடுகிறார்கள். அந்த எண்கள், டிஎன்ஏவில் ‘குறிப்பான்’ எனப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு துண்டு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்ற கணக்குதான். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்போதே 17 என்பது 18 ஆகிவிடுவதுண்டு.

எத்தனை மாறியது என்பதோடு எது மாறியது என்றும் பாருங்கள். டிஒய்எஸ் 576, 570 போன்ற பெயருள்ள குறிப்பான்கள் சட்டென மாறுகிறவை. டிஒய்எஸ் 426 லேசில் மாறாது. அதில் வித்தியாசம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். 37 குறிப்பான்களில் 2 வித்தியாசம் பெரிய விஷயமில்லை. 12-இல் 2 என்றால் கதை வேறு.

சரி, மாற்றம் யார் பக்கம் நடந்தது? இரண்டு பேரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அதே மூதாதையின் வேறொரு மகன் வழியில் வந்த மூன்றாமவரையும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு 18, மற்ற இருவருக்கும் 17 என்றால் பெரும்பாலும் உங்கள் கிளையில்தான் மாறியிருக்கிறது. அப்புறம் உங்கள் சித்தப்பா மகனுக்கும் 18 வந்தால், மாற்றம் தாத்தாவிடமோ அவருக்கு முன்போ போய்விடும். ‘பெரும்பாலும்’ என்று இழுப்பதற்குக் காரணம், ஒரே மாற்றம் இரண்டு கிளைகளில் தனித்தனியாகவும் வரலாம். பழைய எண்ணுக்கே திரும்பியும் போகலாம்.