ரெசிடென்சிக்கு வருகிறவர்களே, எல்.ஓ.ஆர். விஷயத்தில் ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு) விண்ணப்பிக்க வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, ஸ்டெப் என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எல்.ஓ.ஆர்., அதாவது டாக்டர்கள் நமக்காக எழுதும் பரிந்துரைக் கடிதம், பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னோடு படித்த நண்பன் ஒருவன் நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் இந்தக் கடிதத்தால் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முதலில் நடைமுறை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எராஸில் (ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் ஆன்லைன் தளம்) ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதிவு உருவாக்க வேண்டும், அதற்கென்று தனி ஐடி வரும், அந்தப் படிவத்தைக் கடிதம் எழுதும் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அவரோ அவருடைய உதவியாளரோ நேராகப் போர்ட்டலில் ஏற்றுவார்கள், உங்கள் கைக்கு வராது. எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு ப்ரோக்ராமுக்கு (ரெசிடென்சி தரும் மருத்துவமனைத் துறைக்கு) நான்குதான் அனுப்ப முடியும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆமாம் என்று போடுங்கள், ஏனென்றால் நீங்கள் அதை விட்டுக்கொடுத்தீர்களா இல்லையா என்பது ப்ரோக்ராமுக்குத் தெரியும், படித்துப் பார்த்துவிட்டு அனுப்பும் கடிதத்துக்கு அங்கே மரியாதை குறைவு. செப்டம்பர் கடைசியில் அவர்கள் விண்ணப்பங்களைத் திறக்கும்போது எல்லாம் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் கடிதம் எப்படி வாங்குவோம்? எச்.ஓ.டி. அறைக்கு வெளியே மதியம் வரை நிற்போம். உள்ளே க்ளார்க் அண்ணன் போன வருடத்து ஃபைலைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, 'கடின உழைப்பாளி, நன்னடத்தை உடையவர், வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்' என்று அடித்துக் கொடுப்பார். சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவார். அதில் ஒரு தவறும் இல்லை, அங்கே அந்தக் காகிதத்தின் வேலை அவ்வளவுதான். அதே நினைப்போடு இங்கே வருவதில்தான் பிரச்சினை. 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1க்கு மதிப்பெண்ணே கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். 2021இல் ஸ்டெப் 2 சி.எஸ். என்ற நேரடித் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். ஆக, ஒரு நோயாளிக்கு முன்னால் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று ப்ரோக்ராம்காரர்கள் தெரிந்துகொள்ள மிச்சம் இருப்பது பெரும்பாலும் இந்தக் கடிதங்கள்தான்.

நண்பன் கதை இதுதான். படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகளில் எலெக்டிவ் (நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் மாணவர் பயிற்சி) கிடைப்பது கஷ்டம், அது பெரும்பாலும் மாணவராக இருக்கும்போதே செய்ய வேண்டியது. (இறுதியாண்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே மெயில் அனுப்பத் தொடங்குங்கள்.) அதனால் அவன் வாட்ஸப் குழுவில் வந்த ஒரு ஏஜென்சியைப் பிடித்தான். நான்கு வார ரொட்டேஷன் (ஒரு டாக்டரோடு கூடவே இருந்து பெறும் பயிற்சி), கடைசி நாளில் 'உறுதியான' கடிதம், எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். ஊரில் அப்பா நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். போன இடம் ஒரு தனியார் க்ளினிக். அங்கே ஒரே நேரத்தில் அவனைப்போல இன்னும் ஏழெட்டு பேர், வெயிட்டிங் ரூமில் நோயாளிகளைவிட இவர்கள் கூட்டம்தான் அதிகம். டாக்டர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் இவன் பெயரை நான்காவது வாரத்திலும் தப்பாகத்தான் கூப்பிட்டார். சொன்னபடி கடைசி நாளில் கடிதம் ஏறியது. போர்ட்டலில் 'பெறப்பட்டது' என்று காட்டியதும் பயல் எனக்கு ஸ்வீட் படம் அனுப்பினான்.

ஜனவரியில் ஜூமில் ஒரு இன்டர்வியூ, இன்டர்னல் மெடிசினுக்கு, அதாவது பொது மருத்துவத்துக்கு. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டார்களாம், "பீடியாட்ரிக்ஸுக்கும் விண்ணப்பித்திருக்கிறீர்களா?" இல்லை என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கள் கடிதம் ஒன்றில் நீங்கள் சிறந்த குழந்தை மருத்துவராக வருவீர்கள் என்று எழுதியிருக்கிறது" என்று சொன்னார்களாம். அதோடு விடவில்லை. அந்த டாக்டரிடமிருந்து ஒவ்வொரு வருடமும் இதே வாசகத்தில் கடிதங்கள் வருவது தங்களுக்குப் பழக்கம் என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் அவனுக்குக் கிடைத்த இன்டர்வியூக்களே கையளவுதான். மார்ச்சில் மேட்ச் ஆகவில்லை, அதாவது எந்த ப்ரோக்ராமிலும் இடம் கிடைக்கவில்லை.

காசு கட்டிப் போகும் ரொட்டேஷன் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் பலரும் அப்படித்தான் வருகிறார்கள், நல்ல டாக்டரிடம் மாட்டியவர்களும் உண்டு. பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர், டாக்டர் ஏதாவது ரெசிடென்சி ப்ரோக்ராமில் பாடம் எடுப்பவரா, கடிதம் மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் வருமா அல்லது க்ளினிக் லெட்டர்ஹெட்டிலா. 'கடிதத்துக்கு கேரண்டி' என்று அவர்களே முதலில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். உங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதித் தருவதாக ஒத்துக்கொண்ட கடிதத்தில் உங்களைப் பற்றி என்ன இருக்கும்?

நல்ல கடிதம் எப்படி வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், தஞ்சாவூர்ப் பக்கம். அப்சர்வர்ஷிப்தான், நோயாளியைத் தொடக்கூடக் கூடாது. ஒரு பாட்டிக்கு சோடியம் குறைந்துகொண்டே போனது. இவள் இரவு உட்கார்ந்து பழைய மருந்துப் பட்டியலைப் பார்த்திருக்கிறாள், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோக்ளோரோதையசைடு ஏற்கனவே ஓடுகிறது, அதன்மேல் புதிதாக செர்ட்ராலின் சேர்த்திருக்கிறார்கள், இரண்டுமே சோடியத்தை இறக்கக்கூடியவை. மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் அட்டெண்டிங்கிடம் (பொறுப்பில் இருக்கும் மூத்த டாக்டரிடம்) தனியாகப் போய், "இது காரணமாக இருக்குமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் செய்தாள். அவர் அதைக் கடிதத்தில் எழுதிவிட்டார். சில மாதம் கழித்து இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "அந்த சோடியம் பாட்டி எப்படி இருக்கிறார்?"

நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், அது மரியாதை என்று நினைப்போம். இங்கே அட்டெண்டிங்குக்கு அது ஆர்வமின்மையாகத் தெரியும். எதுவும் பேசாதவரைப் பற்றி அவர் எதை எழுதுவார்? இரண்டாவது வாரத்திலேயே, "நான் எதில் தேற வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள், அதைத் திருத்திக் காட்டுங்கள்.

கேட்கும்போது "ஒரு கடிதம் தர முடியுமா" என்று கேட்காதீர்கள், யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா" என்று கேளுங்கள். அவர் இழுத்தால், "நான் உங்களோடு இருந்த நாட்கள் குறைவுதான்" என்றால், நன்றி சொல்லி விலகிவிடுங்கள், வருத்தப்படாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். சரி என்றால் அன்றைக்கே சி.வி., பர்சனல் ஸ்டேட்மெண்ட், நீங்கள் சேர்ந்து பார்த்த கேஸ்கள் பற்றி நான்கைந்து வரி, எந்தத் துறைக்கு விண்ணப்பம் என்பது பெரிய எழுத்தில், எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். இரண்டு துறைக்குப் போடுகிறீர்கள் என்றால் இரண்டு தனிக் கடிதம், இரண்டு தனி ஐடி. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவர் இங்கேயும் உண்டு. சங்கடப்படாமல், கேஸ் குறிப்புகளைத் தருகிறேன் சார், எழுதுவது நீங்களாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து கடிதமே வேண்டாமா என்று கேட்பீர்கள். பல ப்ரோக்ராம்கள் அமெரிக்கக் கடிதம் கேட்கும், அதை முதலில் பாருங்கள். ஆனால் சி.ஆர்.ஆர்.ஐ.யில் (ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில்) உங்களோடு இரவெல்லாம் வார்டில் நின்ற அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் மேடம் இருந்தால், பெயர் தெரியாத டீனைவிட அவரிடம் கேளுங்கள். போர்ட்டலில் கணக்குத் தொடங்க அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும், அவர் ஓ.பி. முடித்து சாப்பிட உட்காரும் நேரத்தில் உங்களுக்கு விடியற்காலை, அலாரம் வைத்து எழுந்து பேசுங்கள். ஜூலையிலேயே பேசுங்கள், செப்டம்பரில் போர்ட்டலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள்.