வெளிநாட்டு விடுமுறைகளைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களும், துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்புபவர்களும், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குக் கிளம்புபவர்களும் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ஒரு விடுமுறைப் பட்டியலை நம்பியே நாள் குறிக்கிறார்கள். அதிலுள்ள தேதி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த விடுமுறை யாருக்குப் பொருந்தும், அன்றைக்குச் சம்பளம் உண்டா, அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என்ன ஆகும் என்பவற்றை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

ஒரு நாட்டுக்கு ஒரே பட்டியல்தான் என்று எண்ணுவது முதல் தவறு. நம் நாட்டிலேயே ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை மட்டுமே தேசிய விடுமுறைகள்; மாட்டுப் பொங்கலன்று இங்கே அரசு அலுவலகங்கள் பூட்டியிருக்க, டெல்லியில் வழக்கம்போல் வேலை நடக்கும். ஜெர்மனியிலும் அக்டோபர் 3 தவிர மற்ற விடுமுறைகளை மாநிலங்களே முடிவு செய்கின்றன. மார்ச் 8 பெர்லினில் விடுமுறை, மியூனிக்கில் வேலைநாள். ஆகஸ்ட் 8 ஆக்ஸ்பர்க் என்ற ஒரு நகரத்துக்கு மட்டும் விடுமுறை. மலேசியாவில் தைப்பூசத்துக்குப் பினாங்கில் விடுமுறை உண்டு, கிளந்தானில் கிடையாது. அதோடு கிளந்தானில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். ஆகவே நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், எதிரில் இருப்பவர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார விடுமுறையிலும் இதே கவனம் தேவை. சவுதி அரேபியா 2013 முதல் வெள்ளி, சனி என்ற முறையில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்கள் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியன்று அரை நாள் இயங்குகின்றன. இரண்டையும் 'வளைகுடா' என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டால், வியாழன் மாலை ரியாத்துக்கு அனுப்பிய அவசர மின்னஞ்சலுக்கு ஞாயிறு வரை பதில் வராது. ரம்ஜான் தேதியும் பிறை பார்த்தே உறுதியாகும். இங்கே தலைமை காஜி அறிவிக்கும் நாளும் வளைகுடாவில் கொண்டாடும் நாளும் பல ஆண்டுகளில் ஒத்துப்போவதில்லை என்பதால், முன்னும் பின்னும் ஒரு நாள் இடம் விட்டுத் திட்டமிடுவது நல்லது.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் சிங்கப்பூரில் மறுநாள் திங்கள் விடுமுறையாகும். ஜெர்மனியில் அந்த நாள் போனது போனதுதான். சீனாவிலோ நீண்ட பண்டிகை விடுமுறையை ஈடுகட்ட, சில சனி, ஞாயிறுகளை அரசே வேலைநாள்களாக அறிவிக்கிறது.

அரசு அறிவித்த நாள் என்றால் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. அமெரிக்காவில் மத்திய அரசின் விடுமுறைகள் 11 இருந்தாலும், தனியார் முதலாளி அந்த நாள்களில் விடுப்போ சம்பளமோ தந்தாக வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இங்கிலாந்தில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி 28 நாள் ஊதிய விடுப்பு உண்டு. ஆனால் அங்கே வழக்கமாக வரும் 8 பொது விடுமுறைகளையும் முதலாளி அதற்குள்ளேயே அடக்கிவிடலாம். நியமனக் கடிதத்தில் '28 நாள்' என்று இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பொது விடுமுறை அதில் சேர்ந்ததா, தனியா என்று கையெழுத்திடும் முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுமதியாளர்களுக்குப் பணமே முடங்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. எல்.சி. (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக்கடிதம்) காலாவதியாகும் நாளில் ஆவணங்களைப் பெற வேண்டிய வங்கிக்கு வழக்கமான விடுமுறை என்றால், எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 29ஆம் பிரிவின்படி அடுத்த வங்கி வேலைநாள் வரை அவகாசம் நீளும். இலங்கையில் பௌர்ணமி நாளான ஒவ்வொரு போயா தினமும் வங்கி விடுமுறை என்பதால், கொழும்பு வங்கியில் காலாவதியாகும் எல்.சி.க்கு இது அடிக்கடி பொருந்தும். ஆனால் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதிக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தத் தேதி பொங்கலன்று வந்தாலும், ஞாயிறன்று வந்தாலும், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் அதற்கு மறுநாள் தேதி இருந்தால் வங்கி ஆவணங்களை ஏற்க மறுக்கலாம். அதனால் எல்.சி. கைக்கு வந்ததும் இரண்டு தேதிகளையும் தனித்தனியே நாட்காட்டியோடு ஒப்பிட்டு, நெருக்கடி தெரிந்தால் சரக்கு கிளம்பும் முன்பே திருத்தம் கேட்டுவிட வேண்டும்.