எடை பார்த்தால் மட்டும் குழந்தை தேறிவிடாது: ஊட்டச்சத்துத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராம அளவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கிற குழந்தை ஊட்டச்சத்து வேலைகளில் பாதி நேரம் எடை போடுவதிலேயே போய்விடுகிறது. குழந்தையைத் தராசில் வைக்கிறார்கள், எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள், அடுத்த குழந்தையைக் கூப்பிடுகிறார்கள். எடை எடுத்தது சரி, அப்புறம்? அந்த எண்ணைப் பார்த்து யார் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் பதில் இருக்காது. பல திட்டங்கள் பலன் தராமல் போவதற்கு முதல் காரணமாக நான் நினைப்பது இதைத்தான்.

ஒரு வளர்ச்சி அட்டையை எடுத்துக்கொள்வோம். பெண் குழந்தை, எட்டாவது மாதம் 7.6 கிலோ, ஒன்பதாவது மாதமும் 7.6, பத்தாவது மாதம் 7.5. மூன்று புள்ளிகளும் அட்டையில் 'சரியான எடை' என்று நிறமிட்ட பகுதிக்குள்தான் விழுகின்றன, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் மாதம் சுமார் கால் கிலோ ஏற வேண்டிய வயதில் இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். இந்த இடத்தில் அம்மாவோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இடையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்ததா, பகலில் யார் ஊட்டுகிறார்கள், நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன கொடுத்தீர்கள், எத்தனை தடவை? பத்து அறிவுரை சொல்லி அனுப்ப வேண்டாம். அந்த வீட்டில் முடியக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைச் சேர்ந்து முடிவு செய்து, அடுத்த மாதம் அதை மறக்காமல் கேட்டால் போதும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போதும் எத்தனை குழந்தைக்கு எடை போட்டோம் என்பதோடு நிறுத்தாமல், எடை ஏறாதவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனோம், அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் ஏறியது என்று எழுதுங்கள்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் படுக்க வைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும், நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5க்குள் என்றால் மிதமானது. நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே குழந்தை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பார்க்கவும் மறக்காதீர்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் எடை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அது ஆபத்துதான், ஏனென்றால் அந்த எடையில் நீரும் சேர்ந்திருக்கிறது.

கடுமையான ஊட்டக்குறைவு என்றதும் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இன்னொரு தவறு. குழந்தைக்குப் பசி இருக்கிறது, வேறு நோய்ச் சிக்கல் இல்லை என்றால், வாராவாரம் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2007லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. ஆனால் சிகிச்சை உணவைக் (மெலிந்த குழந்தையைத் தேற்றவென்றே தயாரித்த, சத்து செறிந்த உணவு) கையில் கொடுத்தும் குழந்தை சாப்பிட மறுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, பாதம் வீங்கியிருக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. யாரை அனுப்ப வேண்டும், யாரை வீட்டில் வைக்கலாம் என்பது ஊரில் வேலை செய்கிறவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, உணவு கொடுத்துவிட்டாலே ஊட்டச்சத்து வேலை முடிந்தது என்று நினைப்பது. அங்கன்வாடி போன்ற உணவு மையத்துக்கு நடந்து வந்து சாப்பிடுவது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அவர்களுக்கும் உணவு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உயரம் குன்றிப் போவது பெரும்பாலும் கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள், அந்த 1,000 நாட்களில் நடந்துவிடுகிறது, அந்த வயதுக் குழந்தையோ வீட்டில் இடுப்பில் இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாவு குடும்பம் முழுக்கப் பங்காகிவிடுகிறது, அதில் குடும்பத்தைக் குறை சொல்லவும் முடியாது. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் வீடு தேடிப் போய்ப் பார்க்காத திட்டம் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்குகிறது.

அப்படிப் போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீராக ஓடும் கஞ்சி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், எவ்வளவு கெட்டியாக, எத்தனை தடவை என்று சொல்வதில்லை. சராசரியாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6-8 மாதத்தில் வெளி உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும், 9-11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. குட்டி வயிறு, தண்ணியாகக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதம் வேண்டும், கூடவே பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, காய், பழம், கொஞ்சம் எண்ணெய் என வீட்டால் முடிந்தது எதுவோ அது. இதை வாயால் சொல்வதைவிட அந்த வீட்டு அடுப்பிலேயே ஒரு தடவை செய்து காட்டிவிடலாம்.

சுகாதார நிலையத்துக்குள்ளேயே நடக்கும் ஒரு பெரிய கோளாறு, நோயை ஒருவரும் ஊட்டச்சத்தை இன்னொருவரும் பார்ப்பது. இருமலுக்கு வந்த குழந்தைக்கு மருந்து கிடைக்கிறது, எடை பார்ப்பதில்லை. தடுப்பூசிக்கு வந்த குழந்தைக்கு ஊசி போடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறது என்று கேட்பதில்லை. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு ஜிங்க் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அல்லது போக்கு நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. அதை 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது, குணமான பிறகு இரண்டு வாரத்துக்காவது தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். தொடர்ந்து நோய் வந்து போகும் குழந்தை மெலிவது பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தை யாரும் கவனிக்காததால்தான்.

பால்பவுடர் கம்பெனியிடம் இலவச மாதிரி வாங்குவது, அவர்கள் செலவில் கூட்டம் நடத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம். இதற்கு எதிரான சர்வதேச விதிமுறை 1981லேயே வந்துவிட்டது.

கடைசியாக, எல்லாப் பழியையும் அம்மா தலையில் போடுவது. பகல் முழுக்க வேலைக்குப் போகிறவரிடம் ஐந்து வேளை ஊட்டுங்கள் என்று சொல்லி என்ன பயன்? பாட்டி ஊட்டுகிறார் என்றால் பாட்டியிடம் பேசுங்கள், காசு அப்பா கையில் என்றால் அவரையும் உட்கார வையுங்கள். வெளியிலிருந்து தீர்வு கொண்டுவருவதற்கு முன்னால் ஊருக்குள்ளேயே தேடிப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் வியட்நாம் கிராமங்களில் 'சேவ் தி சில்ட்ரன்' தொண்டு நிறுவனத்தின் ஜெரி ஸ்டெர்னின் செய்தது அதுதான். அதே வறுமையிலும் நன்றாக வளர்ந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே வயலில் கிடைக்கும் சின்ன நண்டு, இறால், கீரையை உணவில் சேர்த்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்டினார்கள். மற்ற அம்மாக்களும் சேர்ந்து சமைத்துப் பழகினார்கள், குழந்தைகள் தேறின. உங்கள் பதிவேட்டிலும் அப்படி நாலைந்து குழந்தைகள் இருப்பார்கள், முதலில் அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள்.