வண்ணத் தகடு வாங்கும் முன்: லேசர் பொறிப்புக்கு அனோடைஸ்டு அலுமினியம் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கராஜில் 10 வாட் டயோடு லேசர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வருடம் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், கோயிலில் 40 உபயதாரர் பெயர்ப் பலகைகள் கேட்டார்கள். ஜன்னல் சட்டம் செய்யும் ஒரு பட்டறையில் வெண்கல நிறப் பட்டைத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அனோடைஸ்டுதானா என்று கேட்டேன், ஆமாம் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் லேசர் ஓடி முடிந்த பிறகு எழுத்து வெளுக்கவே இல்லை. வேகத்தைக் குறைத்தேன், திறனைக் கூட்டினேன். பட்டை தொட முடியாத அளவுக்குச் சுட்டதே தவிர, எழுத்து ஈரக் கறை மாதிரி மங்கலாகத்தான் நின்றது. கோயில் பெரியவர் ஒருவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பேரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த உலோகத்தைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது. இதுதான் அனோடைஸ் செய்வது. அது பெயின்ட் மாதிரி மேலே பூசியது இல்லை, உலோகமே மாறி உண்டான தோல். அந்தப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள், தேன்கூடு மாதிரி. துணிக்குச் சாயம் ஏற்றுவது போல அந்தத் துளைகளில் சாயத்தை ஊறவிட்டு, பிறகு கொதிநிலைக்கு அருகில் உள்ள வெந்நீரில் போட்டுத் துளைகளின் வாயை அடைப்பார்கள். கறுப்பு, சிவப்பு, நீலச் சாவிக்கொத்துத் தகடுகள் பெரும்பாலும் இப்படி வந்தவை. இந்தச் சாயம் கரிமப் பொருள் என்பதால் லேசர் பட்டதும் சிதைந்துவிடும். படலம் அங்கேயே இருக்க, நிறம் மட்டும் போய் எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

ஜன்னல், கதவுச் சட்டங்களின் வெண்கல நிறத்துக்கும் ஒருவகைக் கறுப்புக்கும் கதை வேறு. பல ஆண்டுகள் வெயிலில் நிற்க வேண்டியவை என்பதால், சாயத்துக்குப் பதிலாக வெள்ளீய உப்புக் கரைசலில் மீண்டும் மின்சாரம் பாய்ச்சி, துளைகளின் அடியில் உலோகத் துகளையே படிய வைக்கிறார்கள். அங்கே சிதைவதற்குக் கரிமச் சாயமே கிடையாது. நான் வாங்கியது அதுதான். ஆகவே "அனோடைஸ்டா?" என்ற கேள்வி போதாது. "சாயம் ஊற வைத்ததா, மின்முறையில் நிறமேற்றியதா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மொத்தமாக வாங்காதீர்கள், ஒரு துண்டு மட்டும் வாங்கி வந்து மூலையில் லேசரால் சுட்டுப் பாருங்கள்.

அனோடைஸ்டே இல்லாததை அனோடைஸ்டு என்று நம்பி வாங்குவது அடுத்த தவறு, நான் அதிகம் பார்ப்பதும் இதுதான். பவுடர் கோட்டிங் அடித்த தகடு, பெயின்ட் அடித்தது, நடுவில் பிளாஸ்டிக் வைத்து இருபுறமும் மெல்லிய அலுமினியம் ஒட்டிய விளம்பரப் பலகை ஆகிய மூன்றும் கடை அலமாரியில் அனோடைஸ்டு போலவே இருக்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பவுடர் கோட்டிங் பெரும்பாலும் 60 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல் தடித்திருக்கும், ஓரத்தில் தோல் மாதிரி தனியாகத் தெரியும், நகத்தால் நெருடினால் தட்டுப்படும். அனோடைஸ்டு படலம் அலங்கார வேலைகளில் 5 முதல் 25 மைக்ரான் வரைதான், உலோகத்தின் இழையோட்டம் அதற்குள்ளிருந்தே தெரியும். அசிட்டோன் தோய்த்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் பெயின்ட் கரைந்து பஞ்சில் ஏறும், அனோடைஸ்டு அசையாது. மின்சாரம் கடத்தினால் சத்தமிடும்படி வைத்த மல்டிமீட்டரும் உதவும். ஆக்சைடு படலம் மின்சாரம் கடத்தாது என்பதால், முனைகளை மேற்பரப்பில் படுக்கவைத்து மெல்லத் தொட்டால் சத்தம் வரக்கூடாது. கூர்முனையால் குத்தினால் படலம் கிழிந்து "பீப்" என்றுவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயின்டும் மின்சாரம் கடத்தாது. அதனால் இந்தச் சோதனை வெறும் அலுமினியத்தை விலக்க மட்டும் பயன்படும், மற்றதற்குப் பஞ்சும் ஓரமும்தான்.

வெறும் அலுமினியம் என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு ஒரு யோசனை வரும். ரிச்சர்ட்ஸ் பேயில் ஹில்சைடு அலுமினிய உருக்காலை இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஹுலாமின் ஆலை தகடு உருட்டுகிறது, பக்கத்திலேயே உலோகம் இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும் என்று. உருட்டாலையிலிருந்து வரும் சாதாரணத் தகட்டில் அனோடைஸ்டு படலமும் இல்லை, சாயமும் இல்லை. வீட்டு டயோடு லேசரின் ஒளியை அது திருப்பி அடிக்கும், பொறிப்பு விழாது, கண்ணுக்கும் ஆபத்து. வீட்டிலேயே அமிலத் தொட்டி வைத்து அனோடைஸ் செய்யலாம் என்று சிலர் இறங்குகிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் கந்தக அமிலம் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பை, கேடயம், பெயர்ப்பலகை செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். அவர்கள் வைத்திருக்கும் தகடு பொறிப்புக்கென்றே வருவது.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் விசிட்டிங் கார்டு அளவுத் தகடுகள் பழகுவதற்கு நல்லவை. ஆனால் பல 0.2 மில்லிமீட்டர்தான் தடிமன், சூட்டில் நெளியும். பெயர்ப்பலகைக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாதீர்கள். விலை பார்க்கும்போது சுங்கத்தையும் 15% வாட் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வேலைக்கு 40 தேவையென்றால் 45 ஆக ஒரே தடவையில் வாங்குங்கள். சாயத் தொட்டி மாறினால் கறுப்பும் மாறும். ஒன்று ஊதா சாயலடிக்கும், ஒன்று பழுப்படிக்கும், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போதுதான் அது கண்ணை உறுத்தும். ஒவ்வொரு கட்டின் பின்புறத்திலும் வாங்கிய தேதியை எழுதி வைக்கிறேன்.

லேசருக்கும் நிறத்துக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்குவதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீட்டு டயோடுகளின் ஒளி சுமார் 450 நானோமீட்டர் அலைநீளம், நீலம். கறுப்பும் சிவப்பும் அதை விழுங்கும், எழுத்து பளிச்சென்று வரும். நீலத் தகடு நீல ஒளியைப் பெரும்பாலும் திருப்பிவிடும் என்பதால் மங்கலாகவே வரும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு (அலைநீளம் 10.6 மைக்ரான்) இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை, ஆக்சைடு படலமே அதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் தகடு வாங்குபவர் கறுப்பை வாங்கட்டும்.

தமிழ் பொறிப்பவர்கள் தகட்டின் மேற்பரப்பையும் கவனிக்க வேண்டும். கம்பித் தூரிகையால் கோடிழுத்தது போன்ற தகடு பார்க்க அழகாக இருக்கும். அதில் 4 மில்லிமீட்டர் உயரத்தில் "முருகன்" என்று பொறித்தால், 'ன்' மேலிருக்கும் புள்ளி ஒரு கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். படிப்பவர் "முருகன" என்று வாசிப்பார். ஆங்கில எழுத்துக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை, நமக்குப் புள்ளி போனால் சொல்லே போகும். சிறிய எழுத்துக்குப் பளபளப்பில்லாத, கோடில்லாத மேற்பரப்புள்ள தகட்டை எடுங்கள்.

தகட்டின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டுத்தான் லேசர் போட வேண்டும். அது வினைல் வகையாக இருந்தால் எரியும்போது வரும் புகை நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். வளைத்த வடிவம் வேண்டுமென்றால் வளைத்த பிறகு அனோடைஸ் செய்ததை வாங்குங்கள். ஆக்சைடு படலம் பீங்கான் மாதிரி, பிறகு வளைத்தால் வளைவில் மயிரிழை வெடிப்புகள் விழும்.

வெளியே மாட்டுவதானால் இன்னும் கவனம் தேவை. மலிவான சிவப்பு, இளஞ்சிவப்புச் சாயங்கள் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். கறுப்பு அதைவிடத் தாங்கும். துளைகள் சரியாக அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, சில நிமிடம் விட்டு ஸ்பிரிட்டால் துடையுங்கள். கறை தங்கினால் அடைபடவில்லை, கடற்கரைப் பக்கம் மாட்ட அது ஆகாது. டயோடு லேசரை அளவோடு ஓட்டினால் சாயம் மட்டும் போகும், படலம் காவலுக்கு நிற்கும். உலோகத்தையே பொறிக்கக்கூடிய ஃபைபர் லேசரால் ஆழமாகச் சுரண்டினால் வெறும் உலோகம் வெளியே வந்து உப்புக்காற்றில் குழி விழும்.

கடைசியாக ஒன்று, இது முழுக்க நம் வீட்டுப் பழக்கம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் கையோடு பக்கத்திலிருக்கும் பெயர்ப்பலகையையும் தேய்த்துவிடுவார்கள். பித்தளைக்குப் புளி நல்லது. அனோடைஸ்டு படலத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. மூன்றே மாதத்தில் கறுப்பு சாம்பலாகிப்போன ஒரு தகட்டை, செய்த பக்தியோடேயே என்னிடம் கொண்டுவந்து காட்டினார் ஒரு அம்மா. திட்ட மனசு வரவில்லை, புதிதாகச் செய்து கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு பலகையோடும் தமிழில் ஒரு சீட்டு வைத்துக் கொடுக்கிறேன்: "ஈரத் துணி, மென்மையான சோப்பு மட்டும். புளி, எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ் வேண்டாம்."