எம்ஜிபி எஞ்சினுக்கு இரட்டை வரிசை டைமிங் செயின் போடுவது எப்படி?

கும்பகோணத்தில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தால் யாரைத் துணைக்குக் கூப்பிடுவது? பழைய அம்பாசடர் மெக்கானிக்கைத்தான். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) ஒரே பி-சீரிஸ் குடும்பம். எனக்குத் துணை நின்ற அண்ணன் பானெட்டைத் திறந்ததுமே, "இது நம்ம வண்டிதான் தம்பி, சட்டை மட்டும் வேற" என்றார்.

எஞ்சினின் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின். ஆரம்பகால எம்ஜிபியில் அது இரட்டை வரிசையாக இருந்தது. 70களில் வந்த 18வி எஞ்சின்களில் அது ஒற்றை வரிசையானது. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீளவில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்களும் புஷ்களும் தேய்ந்து இடைவெளி விடுகின்றன. வால்வு திறக்கும் நேரம் பின்தங்கும், முன்பக்கம் சலசலக்கும். இரட்டை வரிசையில் பாரம் இரண்டாகப் பிரிவதால் தேய்மானம் குறையும். ஞாயிற்றுக்கிழமை திருவையாறு வரை போய்வரும் வண்டிக்கு நல்ல ஒற்றைச் செயினே போதும் என்பது என் கருத்து. ஆனால் எப்படியும் பிரிக்கிறோம், இரட்டையாகவே போட்டுவிடலாம்.

பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் எடுங்கள். ஸ்டியரிங் ரேக் குறுக்கே நின்றால் அதன் போல்ட்டுகளை எடுத்து முன்னால் நகர்த்துங்கள். கிராங்க் நட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்திவிட்டு, டாப் கியரில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி நட்டைத் தளர்த்துங்கள். அப்புறம் கிராங்க் புல்லியையும் செயினை மூடியிருக்கும் கவரையும் எடுங்கள். உள்ளே கிராங்கில் இருக்கும் ஆயில் த்ரோயர் (எண்ணெயை விலக்கியடிக்கும் தட்டு) எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். செயின் ஓடும் இரண்டு ஸ்பிராக்கெட்டிலும் (பற்சக்கரம்) உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்போது நிறுத்துங்கள். இனி புதுச் செயின் ஏறும்வரை கிராங்கையோ கேமையோ அசைக்கக் கூடாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் அடியில் சின்ன அடைப்பு இருந்தால் அதை எடுத்து, 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு வலப்பக்கம் திருப்பினால் ரப்பர் தலை உள்ளே போய்விடும். கேம் நட்டை எடுத்து, இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செயினோடு கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். ஒன்றை மட்டும் இழுத்தால் வராது.

முக்கியமான வேலை இனிதான். புது ஸ்பிராக்கெட்டுகளைச் செயின் இல்லாமல் மாட்டி, பற்களின் குறுக்கே ஒரு நேர்ப்பட்டையை வையுங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இல்லையென்றால் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, அதற்கேற்ற ஷிம்மைக் (மெல்லிய வளையத் தகடு) கிராங்க் ஸ்பிராக்கெட்டின் பின்னால் போடுங்கள். கும்பகோணத்தில் பித்தளைத் தகட்டுக்கா பஞ்சம், வெட்டி வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், இரும்பு ஷிம்மையே வாங்குங்கள். கோணலாக ஓடும் இரட்டைச் செயினைவிட நேராக ஓடும் ஒற்றைச் செயின் எவ்வளவோ மேல்.

செயினுக்குள் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் புள்ளிகள் எதிரெதிராக வரும்படி வைத்து ஒன்றாக ஏற்றுங்கள். இரட்டை வரிசைக்கான டென்ஷனரை மாட்டி, அதே ஆலன் கீயை வலப்பக்கமே திருப்பி விடுவியுங்கள். இடப்பக்கம் திருப்பவே கூடாது. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புள்ளிகள் மறுபடி சந்திக்க வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றாலும் கழற்றி மாட்டுங்கள், 'ஓடிவிடும்' என்று விடாதீர்கள். செயினுக்குத் தாராளமாக எண்ணெய் ஊற்றுங்கள்.

கவரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கவர் போல்ட்டுகளை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைத் தள்ளினேன். சீல் நடுவில் உட்காரவில்லை. மறுநாள் காலை தரையில் எண்ணெய்ப் பொட்டு. திரும்ப ரேடியேட்டரிலிருந்து ஆரம்பித்தேன். சரியான வரிசை: கவரைத் தளர்வாக மாட்டி, எண்ணெய் தடவிய புல்லியை நுழைத்து, சீல் தானாக நடுவுக்கு வந்த பிறகு போல்ட்டுகளை இறுக்குவது. பெரிய நட்டுகளை உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, வாஷர்களை மடக்குங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், எண்ணெய் அழுத்தம் டென்ஷனரை எட்டும்வரைதான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கேமால்தான் சுழல்கிறது. பழைய தளர்வு போனதால் இக்னிஷன் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) நகர்ந்திருக்கும். டைமிங் லைட் வைத்துத் திருத்திவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.