நாறிய உரத்தொட்டியை மீட்ட கதை

பள்ளியில் பசுமை மன்றம் தொடங்கியதும் முதல் வேலையாக, மதிய உணவில் மிஞ்சுவதை உரமாக்க ஒரு தொட்டி வைத்தோம். மூன்றாம் வாரமே நாற்றம் வகுப்பறை வரை வந்துவிட்டது. தலைமையாசிரியர் ஒரு வாரம் கெடு கொடுத்தார். எனக்கு அழுகையே வந்தது.

உயிரியல் ஆசிரியையை அழைத்துவந்து காட்டினேன். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தார், தண்ணீர் ஒழுகியது. “பிழிந்த துணி அளவு ஈரம் போதும்மா. இதற்குள் காற்றே இல்லையே” என்றார். காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் நாற்றத்துக்குக் காரணமாம். உணவுக் கழிவில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த சருகில் கார்பன் அதிகம். நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால்தான் நன்றாக மட்கும். நாங்களோ சருகே போடவில்லை. மைதானத்தில் பெருக்கிய சருகையெல்லாம் வீணாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தோம்!

அன்று மாலையே தொட்டியைக் கவிழ்த்து, பக்கங்களில் துளையிட்டு, ஒரு வாளிக் கழிவுக்கு மூன்று வாளிச் சருகு என்று அடுக்கினோம். நான்கைந்து நாளில் நாற்றம் அடங்கியது. உள்ளே கைவிட்டால் நல்ல சூடு. மட்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. உள்ளே காற்றுப் புகும்படி தொட்டியைக் கிளறும் வேலையை யாரிடமும் கொடுக்காமல் நானே வைத்திருந்தேன். தேர்வு வந்ததும் அது நின்றுபோயிருந்தது. இப்போது வாரத்துக்கு இருவர் முறை வைத்துக் கிளறுகிறார்கள், அதில் ஒருவர் கட்டாயம் கீழ்வகுப்பு மாணவர்.