விருந்தாளியை மறிக்கும் மந்தைக்காவல் நாய்: எனக்குப் பலித்த வழி

கங்கல், கிரேட் பிரனீஸ் போன்றவை தாமே முடிவெடுத்து மந்தையைக் காக்க உருவான இனங்கள். வீட்டில் வளர்ந்தால் வீட்டு ஆட்கள்தான் மந்தை. குட்டியில் எல்லோரிடமும் குழைந்தது, ஒன்றரை இரண்டு வயதில் அந்நியரை மறித்து நிற்கும். அதட்டினால் பதற்றம்தான் கூடும்.

முதல் வேலை, கேட்டுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு: 6 அடி கம்பி வேலி, அடிப்பகுதி 1 அடி மண்ணுக்குள். இவை தோண்டும்.

வருபவர் வேலிக்கு வெளியே பக்கவாட்டில் நிற்கட்டும். முறைத்துப் பார்ப்பதோ கை நீட்டுவதோ கூடாது. நாய் உடம்பு விறைத்து, வாயை இறுக மூடி, கண் எடுக்காமல் பார்த்தால் தூரம் போதவில்லை. அவரைப் பின்னால் போகச் சொல்லுங்கள். வாய் தளர்ந்து உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் கறித்துண்டு கொடுங்கள்.

தீனியை விருந்தாளி கையில் கொடுக்கவே கூடாது, பலரும் சறுக்குவது இங்கேதான். ஆசையில் நெருங்கும் நாய், தின்று முடித்ததும் அந்நியர் அருகில் நிற்பதை உணர்ந்து கடித்துவிடலாம்.

பிள்ளைகளின் நண்பர்கள் கட்டிப்புரண்டு விளையாடும்போது நாய் தனி அறையில் இருக்கட்டும். அந்தக் கூச்சலை அது தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். இரவுக் குரைப்புக்கு, இருட்டியதும் உள்ளே படுக்கவைப்பதுதான் பலன் தந்தது.